தாத்தாவுக்குப் போன் தெரியாது என்பது பொய்

"வயசானவங்களுக்கு இதெல்லாம் வராதுங்க." மருத்துவமனைப் பதிவு கவுன்ட்டரில், மருந்துக் கடையில், செயலி தயாரிக்கும் நிறுவனங்களின் கூட்ட அறைகளில் என்று எங்கும் இந்த வாக்கியம் கேட்கிறது. டிஜிட்டல் மருத்துவம் முதியவர்களை ஏன் சென்று சேரவில்லை என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: அவர்களுக்குத் தொழில்நுட்பம் என்றாலே பயம், கற்றுக்கொள்ள மனமில்லை, எழுத்து தெரியாது, சொன்னது நினைவில் நிற்காது. கருத்தரங்குகளில் இதையே கொஞ்சம் மெருகேற்றி 'டிஜிட்டல் எழுத்தறிவின்மை' என்கிறார்கள். எப்படிச் சொன்னாலும் சாரம் ஒன்றுதான். குறை முதியவரிடம் இருக்கிறதாம், கருவியிடம் இல்லையாம்.

இந்தக் கருத்து தவறானது. அதைவிட மோசம், இது தீங்கு செய்கிறது. குறை முதியவரிடம் என்று முடிவு கட்டிவிட்டால் செயலியைச் செய்தவர் அதைத் திருத்த வேண்டியதில்லை. கவுன்ட்டரை மூடியவர் திறக்க வேண்டியதில்லை. மாத்திரை கிடைக்காமல் திரும்பிப்போன பாட்டிக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கருத்தை உரசிப் பார்க்க ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் குறைவு. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டைகள், ஐபோன் உறைகள் தயாராகும் டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலை. இன்னொரு பக்கம் ராகி, மா, ரோஜாத் தோட்டங்கள், கிரானைட் குவாரிகள், அஞ்செட்டி, தளி பக்கத்து மலைக் கிராமங்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் நாற்பது கிலோமீட்டர், மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரி அதைவிடத் தூரம். இரண்டு மாநிலங்கள், மூன்று நான்கு மொழிகள், மூன்று தலைமுறைகள் ஒரே சாலையில் போய்வரும் ஊர் இது.

மாநிலம் முழுவதும் பேசப்பட்ட ஒரு சுகாதாரத் திட்டமும் இதே மாவட்டத்தில்தான் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களின் வீட்டுக்கே மாத்திரை போகும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே கிடைக்கும். 2022 டிசம்பர் 29 அன்று திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் வழங்கப்பட்டது. 2024 செப்டம்பரில் தொற்றா நோய்களுக்கான ஐக்கிய நாடுகள் சபையின் முகமைகளுக்கு இடையிலான பணிக்குழு இந்தத் திட்டத்துக்கு விருது அளித்தது.

இந்தத் திட்டத்தில் ஒரு வீட்டு வாசலில் என்ன நடக்கிறது என்பதை நிதானமாகக் கவனிக்க வேண்டும். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வருகிறார். பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்தான், சுய உதவிக் குழுவிலிருந்து வந்தவர். திண்ணையில் பாட்டியை உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்க்கிறார். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து குளுக்கோமீட்டரில் வைக்கிறார். வந்த எண்ணைத் தன் கையில் உள்ள செயலியில் பதிகிறார். மாத்திரையைக் கொடுத்து, "காலையில இது, ராத்திரி இது" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். எண் அதிகமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்கிறார். தானியங்கி பி.பி. கருவி, குளுக்கோமீட்டர், கைபேசிச் செயலி, அதன் பின்னால் நோயாளிகளின் பதிவேடு என்று அத்தனையும் டிஜிட்டல்தான். அந்தப் பாட்டி எதையும் பதிவிறக்கம் செய்யவில்லை, கடவுச்சொல் வைக்கவில்லை. கையை நீட்டினார், அவ்வளவுதான்.

"இது பாட்டி பயன்படுத்தியதாகுமா? பயன்படுத்தியது தன்னார்வலர்தானே" என்று ஒரு மறுப்பு வரும். வரட்டும். ஸ்கேன் எடுக்கப் போனவரிடம் ஸ்கேன் இயந்திரத்தை இயக்கத் தெரியுமா என்று எந்த மருத்துவமனையும் கேட்பதில்லை. அதை இயக்கப் பயிற்சி பெற்றவர் இருக்கிறார், பலன் நோயாளிக்குப் போகிறது. கைபேசி என்று வந்ததும் மட்டும் இயக்குகிற வேலை ஏன் நோயாளியின் தலையில் விழுந்தது? அதைக் குறைந்த செலவில் முடிக்க நினைத்தவர்கள் எடுத்த முடிவு அது. மருத்துவ நியாயம் அதில் ஏதும் இல்லை.

முதலில், முதியவர்களுக்குத் தொழில்நுட்பம் என்றாலே பயம் என்ற குற்றச்சாட்டைப் பார்ப்போம்.

1980இல் ஓசூரில் டி.வி.எஸ். 50 மொபெட் தயாராகத் தொடங்கியது. அதே ஆண்டு அசோக் லேலண்டின் ஆலையும் இங்கே வந்தது. 1984இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், சில ஆண்டுகளில் ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரம் தயாரித்தது. அதற்குப் பள்ளிப் படிப்பு முடித்த கையோடு சுற்றுவட்டார ஊர்ப் பிள்ளைகளை எடுத்தார்கள். அதுவரை கடிகாரத் தொழிற்சாலையைக் கண்ணால் பார்த்திராத கிராமத்துப் பிள்ளைகள் இடுக்கியும் லென்ஸுமாக உட்கார்ந்து, மில்லிமீட்டருக்கும் குறைவான பாகங்களைப் பொருத்தினார்கள். அன்று அந்த வாயில்களுக்குள் போன இளைஞர்களும் யுவதிகளும் இன்று அறுபதை நெருங்குகிறார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். கணினி முறையில் இயங்கும் லேத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர்கள் ஓசூரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். இவர்களைப் பார்த்து 'தொழில்நுட்பத்துக்குப் பயப்படுகிறவர்கள்' என்று சொல்வது அவர்களின் வாழ்நாள் உழைப்பையே அவமதிப்பது.

தொழிற்சாலைக்குப் போகாதவர்கள்? ஓசூர் உழவர் சந்தைப் பக்கமோ பேருந்து நிலையப் பக்கமோ போய்ப் பார்க்கலாம். கீரையும் பூவும் விற்கிற, தலை நரைத்த பெண்களின் கூடைக்கு அருகிலேயே கியூ.ஆர். அட்டை நிற்கிறது. அவர்களுக்கு யாரும் முகாம் நடத்தவில்லை, சான்றிதழ் தரவில்லை. பணம் வந்ததும் சின்னப் பெட்டி ஒன்று தொகையை உரக்கச் சொல்கிறது. திரையைப் படிக்க வேண்டிய தேவை இல்லை, காதில் விழுந்தால் போதும். வாடிக்கையாளர் சில்லறை இல்லாமல் திரும்பிப் போவதில்லை என்ற பலன் அன்றைக்கே கைக்கு வருகிறது. எழுத்து தெரியாதவரும் அதனால்தான் ஏற்றுக்கொண்டார்.

கொரோனாக் காலத்தில் பல்ஸ் ஆக்சிமீட்டர் வந்ததும் அப்படித்தான். 2020க்கு முன் அந்தப் பெயரைக்கூடக் கேட்டிராத முதியவர்கள், இரண்டாம் அலையில் விரலை மாட்டி "தொண்ணூத்தாறு இருக்கு" என்று பிள்ளைகளுக்குப் போன் செய்து சொன்னார்கள். வீட்டில் சர்க்கரை பார்த்து, அதற்கேற்ப இன்சுலினைத் தானே போட்டுக்கொள்ளும் எழுபது வயதுக்காரர்கள் இந்த மாநிலத்தில் எத்தனையோ பேர். ஊசி அளவு பிசகினால் உயிருக்கு ஆபத்து. அதைச் செய்கிறவருக்கு ஒரு பொத்தானை அமுக்கப் பயம் என்று நம்பச் சொல்கிறார்கள்.

அப்படியானால் தடங்கல் எங்கே இருக்கிறது? இந்த வட்டாரத்தில் அன்றாடம் நடக்கிற ஒன்றை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனையில் சுகாதார அடையாள எண் வேண்டும் என்கிறார்கள், அல்லது காப்பீட்டு அட்டைக்கு ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்கிறார்கள். ஆதாரோடு இணைந்த கைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. போகிறது. அந்த எண் மகனுடையது, ஏனென்றால் ஆதார் எடுத்த காலத்தில் வீட்டில் ஒரே ஒரு போன்தான் இருந்தது. மகன் முதல் ஷிப்டில் இருக்கிறார். உள்ளே போன் கொண்டுபோக அனுமதிக்காத தொழிற்சாலைகள் பல உண்டு, மின்னணு ஆலைகளில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. போன் வாசலில் லாக்கருக்குள் கிடக்கிறது. ஓ.டி.பி. அங்கே வந்து, சில நிமிடங்களில் செல்லாததாகிவிடுகிறது. கவுன்ட்டரில் நிற்கும் அப்பாவிடம், "நம்பரை மாத்திட்டு வாங்க" என்கிறார்கள். எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்குப் போனால் மறுபடி விரல் வைக்க வேண்டும்.

அந்த விரலில்தான் அடுத்த சிக்கல். முதுமையில் தோல் தளர்ந்து ரேகையின் மேடு பள்ளம் மட்டமாகிவிடும். கல் உடைத்தவர், களை பறித்தவர், சிமென்ட் கலந்தவர் கைகளில் அது இன்னும் சீக்கிரம் தேயும். கிரானைட்டும் தோட்ட வேலையும் பிழைப்பாக இருக்கும் மாவட்டத்தில் இது அபூர்வமான கோளாறு அல்ல. ரேஷன் கடைகளில் கைரேகை விழாமல் பெரியவர்கள் அலைந்ததைப் பார்த்துத்தான் தமிழக அரசு அங்கே கண் கருவிழிப் பதிவுக் கருவியைக் கொண்டுவந்தது.

தொடுதிரைக்கும் இதே கதைதான். விரல் தோலின் மின் கடத்தலை உணர்ந்துதான் அது வேலை செய்கிறது. காய்த்துப்போன, ஈரம் வற்றிய விரலை அது சரியாக உணராது. பெரியவர் இரண்டு தரம், மூன்று தரம் அழுத்துவார். மூன்றாவதில் திரை வேறெங்கோ தாவிவிடும். பக்கத்தில் நிற்பவர் "அய்யோ தாத்தா, குடுங்க" என்று பிடுங்கிக்கொள்வார். கண் லென்ஸ் வயதாக ஆக மஞ்சளாகும். அப்போது வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிற எழுத்து ஏறக்குறைய மறைந்தே போகும். நாகரிகமாக இருக்கிறதென்று வடிவமைப்பாளர்கள் விரும்பிப் போடுவதோ அதே சாம்பல் நிறம். படி உயரமான பேருந்தில் ஏற முடியாத மூதாட்டியைப் பார்த்து இவருக்குப் பயணம் செய்யத் தெரியவில்லை என்று யாரும் சொல்வதில்லை, படியைத்தான் தாழ்த்துகிறோம்.

மொழி இன்னொரு சுவர். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைந்திருக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் உருதுவும் உண்டு. பாட்டியை அவ்வா என்று கூப்பிடும் வீடும் அஜ்ஜி என்று கூப்பிடும் வீடும் ஒரே தெருவில் இருக்கும். பேசுவது தெலுங்கு, பேருந்துப் பலகை படிப்பது தமிழ், ஆபரேஷன் நடந்தது கன்னடம் பேசும் நகரத்தில், டிஸ்சார்ஜ் தாள் ஆங்கிலத்தில். 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எழுத்தறிவு 71.46 சதவீதம், மாநில சராசரியோ 80 சதவீதம். முதிய பெண்களை மட்டும் எண்ணினால் இது இன்னும் இறங்கும். இப்படிப்பட்ட ஊரில் செயலியை ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டு, படிக்கத் தெரியவில்லை என்று குறை சொல்ல யாருக்கு உரிமை?

பயம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி பயமே அல்ல, முன்னெச்சரிக்கை. வங்கியும் காவல் துறையும் பல ஆண்டுகளாக ஒரே பாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன: ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாதவர் கேட்டால் கொடுக்காதீர்கள். 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி ஓய்வூதியத்தையே துடைத்தெடுத்த மோசடிகள் பெருகி, 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் எச்சரிக்கும் அளவுக்குப் போனது. சைபர் மோசடிக்கு 1930 என்ற எண்ணே தனியாக இருக்கிறது. அந்தப் பாடத்தை ஒழுங்காகக் கற்றவர் நம்முடைய பெரியவர். அவர் வீட்டு வாசலில் அடையாள அட்டையோடு ஒருவர் வந்து, "அம்மா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்றால் அவர் தயங்குவார். தயங்கத்தான் வேண்டும். அந்தத் தயக்கத்தை அறியாமை என்று குறித்துக்கொண்டு போகிறவர்கள், அரசின் ஒரு கை சொல்லிக்கொடுத்ததை இன்னொரு கை மீறச் சொல்வதைக் கவனிப்பதில்லை.

"பிள்ளைங்க பாத்துக்குவாங்க" என்பது அடுத்த சமாதானம். பல வீடுகளில் பேரனோ மருமகளோதான் முதியவருக்கும் செயலிக்கும் நடுவில் நிற்கிறார்கள். அவர்கள் செய்வது பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை ஒரு அமைப்பின் அடித்தளமாக வைப்பது தவறு. மகன் பெங்களூருவில் வேலை, மகள் சிப்காட்டில் ஷிப்ட், வீட்டில் இரண்டு முதியவர்கள் மட்டும் என்ற நிலை இந்தத் தொழில் வட்டாரத்தில் சர்வ சாதாரணம். போன் கையில் உள்ளவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரம்தான் முதியவருக்கு மருத்துவ நேரம் என்றாகிவிடுகிறது. அதோடு அந்தரங்கமும் போகிறது. சிறுநீர் அடங்காத தொல்லை, மனச்சோர்வுக்கு எடுக்கும் மாத்திரை, கருப்பை இறங்கிய வலி, காசநோய்ப் பரிசோதனை முடிவு என்று எல்லாமே பேரன் போனுக்குக் குறுஞ்செய்தியாகப் போனால், அந்த மூதாட்டி அடுத்த முறை மருத்துவரிடம் வாயே திறக்க மாட்டார். இருபத்தைந்து வயதுக்காரரின் பரிசோதனை முடிவை அவர் அப்பாவின் போனுக்கு அனுப்பினால் எவ்வளவு கோபம் வரும்! முதியவர் என்றதும் அந்த உரிமை எங்கே போனது?

இன்னொரு தரப்பு பொறுமையாக இருக்கச் சொல்கிறது. இப்போது உள்ள தலைமுறை போகட்டும், அடுத்து வருபவர்கள் கைபேசியோடு வளர்ந்தவர்கள், பிரச்சினை தானாகத் தீரும் என்கிறது. கேட்பதற்கே மனம் கூசும் வாதம் இது. உண்மையும் அல்ல. ஸ்பெயினில் கார்லோஸ் சான் குவான் என்ற 78 வயது ஓய்வுபெற்ற சிறுநீரக அறுவை மருத்துவர் 2022இல் ஒரு போராட்டம் தொடங்கினார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும் அவரால் வங்கியின் செயலியையும் இயந்திரத்தையும் கையாள முடியவில்லை, கவுன்ட்டரில் ஆளும் இல்லை. நான் முதியவன்தான், முட்டாள் அல்ல என்பது அவர் வைத்த தலைப்பு. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அந்தப் பிப்ரவரியிலேயே வங்கிகள் நேரடி சேவையை மேம்படுத்த ஒப்புக்கொண்டு கையெழுத்திட நேர்ந்தது. அறுவை மேசையில் நுட்பமான கருவிகளைக் கையாண்டவர் அவர். நோயும் முதுமையும் வந்தபோது அந்த அனுபவம் செயலியின் முன் உதவவில்லை. இன்று திரையில் விரல் பறக்கிற இளைஞருக்கும் ஒரு நாள் கண் மங்கும், கை நடுங்கும். அன்றைக்குச் செயலியின் முகப்பும் பத்து தரம் மாறியிருக்கும்.

பயிற்சி முகாம்களைக் குறைசொல்ல வேண்டியதில்லை. விரும்புகிறவர் கற்றுக்கொள்ளட்டும். பேத்தியோடு வீடியோவில் பேசவும் பாட்டு கேட்கவும் கற்ற முதியவர் அடையும் சந்தோஷம் பெரிது. எதிர்த்தரப்பு சொல்வதில் ஒரு உண்மையும் உண்டு. மறதி நோய் உள்ளவருக்கும் பார்வை இழந்தவருக்கும் எவ்வளவு நல்ல செயலியும் எட்டாமல் போகலாம். அதனால்தான் மருந்தும் பரிசோதனையும் பயிற்சியில் தேறியவருக்கு மட்டும் என்ற நிலை வரக் கூடாது. முதியோர் பற்றிய நாட்டின் பெரிய ஆய்வான லாசியின் முதல் சுற்று 2017–18இல் நடந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தமக்கு ரத்த அழுத்தம் இருப்பதாகச் சொன்னார், ஏழில் ஒருவர் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னார். இவர்களில் யாருக்கும் ஒரு மாத மாத்திரை தவறுவது சின்ன விஷயமல்ல.

2021இல் தடுப்பூசிக்குக் கோவின் தளம் வந்தபோது நடந்தது நினைவிருக்கும். ஜனவரியில் தடுப்பூசி தொடங்கியது. மார்ச் 1 முதல் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஊசி. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் அந்தத் தளத்துக்கு வந்ததோ ஜூன் மாதத்தில். இணையத்தில் பதிந்தால்தான் ஊசி என்று இளைய வயதினருக்கு வைத்த விதியை, நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு மே இறுதியில் கடுமையாகக் கேள்வி கேட்டது. கிராமத்தில் இருப்பவர், கைபேசி இல்லாதவர் என்ன செய்வார் என்பதே கேள்வியின் சாரம். முதியவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே நேரில் போய்ப் பதியும் வழி திறந்திருந்தது. அவர்கள் ஆதாரை எடுத்துக்கொண்டு நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள், அங்கிருந்த ஊழியர் தட்டச்சு செய்தார், ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். பதிவு முழுக்க டிஜிட்டலில்தான் நடந்தது.

சரியாகச் செய்தால் முதியவர்கள் வருவார்கள் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இருபது ஆண்டு சாட்சி இருக்கிறது. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் கண் பரிசோதனை மையங்களைத் திறந்துவருகிறது. இன்று அவை நூற்றுக்கும் மேல். பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைப் பரிசோதித்துப் படம் எடுக்கிறார், தொலைவில் இருக்கும் மருத்துவர் திரையில் பார்த்து நோயாளியோடு பேசுகிறார். வருகிறவர்களில் கண்புரை கொண்ட முதியவர்கள் ஏராளம். அவர்கள் பார்வையே சரியில்லாமல் தொலை மருத்துவத்துக்கு வந்தவர்கள்! 2019இல் சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படத்தைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு வாசிக்கும் கூகுளின் முறையும் மதுரை அரவிந்தில் நடைமுறைக்கு வந்தது. உலகின் மிகப் புதிய தொழில்நுட்பத்தின் முன்னால் மதுரைப் பக்கத்துக் கிழவி தாடையைத் தாங்கியில் வைத்து உட்கார்ந்தார். அவருக்குப் பயமும் இல்லை, பயிற்சியும் தேவைப்படவில்லை.

பஞ்சாப், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பயன்படும் 'சிம்பிள்' செயலியும் இந்த வகைதான். நோயாளியிடம் இருப்பது கியூ.ஆர். குறியீடு அச்சிட்ட ஒரு காகித அட்டை. செவிலியர் அதை வருடியதும் பழைய பதிவு வந்துவிடும். புதிய எண்ணைச் சேர்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்தத் திட்டத்துக்கும் 2022இல் ஐ.நா. பணிக்குழுவின் விருது கிடைத்தது.

ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்று இன்னும் தெளிவான உதாரணம். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தது. வீட்டிலிருந்தே சான்று தரலாம் என்றார்கள், ஆனால் கைரேகைக் கருவி வேண்டும், ரேகையும் விழ வேண்டும். 2021 நவம்பரில் முகத்தைக் காட்டினால் போதும் என்ற வசதி சேர்ந்தது. தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்து கொடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. 2024 நவம்பர் இயக்கத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் சான்றுகள் பதிவாயின. ஏழு ஆண்டுகளில் முதியவர்களுக்கு வயது கூடியதே தவிரக் குறையவில்லை. மாறியது கருவி.

இவ்வளவும் சொல்வது டிஜிட்டலே வேண்டாம் என்பதற்காக அல்ல. எல்லையோர முதியவருக்கு அது மற்ற எவரையும்விட அதிகம் தேவை. பெங்களூரு ஓசூர் சாலையில் பொம்மசந்திராவில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தவர், நெஞ்சு வலித்தால் ஓசூர் அரசு மருத்துவமனைக்கு ஓடுவார். அங்கே உள்ள மருத்துவருக்கு அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாது. தாள்கள் ஒரு மஞ்சள் பையில், பாதி கிழிந்து கிடக்கும். 2022 ஜனவரியில் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிக்கு மேல்சிகிச்சைக்குப் போனாலும் இதே நிலைதான். 2021 செப்டம்பரில் நாடு முழுவதுக்கும் விரிவுபடுத்தப்பட்ட 14 இலக்க சுகாதார அடையாள எண், மாநில எல்லை தாண்டி மருத்துவப் பதிவுகளை இணைப்பதற்காக வந்தது. அது உண்மையாக வேலை செய்தால் அத்திப்பள்ளி எல்லையின் இருபுறமும் உள்ள முதியவர்களின் உயிரைக் காக்கும். அந்த எண்ணை வாங்குகிற இடத்திலேயே ஓ.டி.பி. சுவர் எழுப்பிவிட்டு அது நடக்காது.

குரல் வழியும் இருக்கிறது. பழைய பட்டன் போனில்கூட 108ஐயும் 104ஐயும் கூப்பிடலாம். முதியோர் உதவிக்கு 14567. மனநல ஆலோசனைக்கு 14416, அதன் தலைமை மையம் பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ். தமிழ், தெலுங்கு, கன்னடம் உட்பட இருபது மொழிகளில் அந்தச் சேவை கிடைக்கிறது. பட்டன் போனில் பணம் அனுப்பும் முறையை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் கொண்டுவந்தது. மருந்துச் சீட்டு, அடுத்த பரிசோதனைத் தேதி, ரத்த முடிவு ஆகியவை அதே பட்டன் போனில் அவரவர் மொழியில் குரலாக வர என்ன தடை?

சுகாதாரத் துறையும் மாவட்ட நிர்வாகமும் மருத்துவமனைகளும் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஓ.டி.பி. வராவிட்டாலும், விரல் விழாவிட்டாலும் அன்றைய சிகிச்சை நிற்காது என்று கவுன்ட்டரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கிலும் எழுதி ஒட்டுங்கள். டிஜிட்டல் பதிவைச் செய்து கொடுக்க ஒருவரை அந்தக் கவுன்ட்டரில் உட்காரவையுங்கள். புதிய செயலியை வெளியிடுவதற்கு முன் சூளகிரியிலோ தளியிலோ எழுபது வயதுக்காரர்களின் கையில் கொடுத்து, அவர்கள் தடுமாறும் இடத்தைத் திருத்துங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தைத் தோளில் சுமக்கும் பெண்கள் ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர்களாகவே இருக்கிறார்கள். முதியவருக்கும் டிஜிட்டலுக்கும் நடுவே பாலமாக நிற்பவர்களுக்கு முறையான ஊதியமும் பணிப் பாதுகாப்பும் கொடுங்கள்.

முதியவர்களை எண்ணவும் தொடங்குங்கள். இணையத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் கேட்டார்கள். நாட்டில் பெண்களில் 33.3 சதவீதம் பேர், ஆண்களில் 57.1 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். இந்த எண்களை வைத்துத்தான் ஊரெல்லாம் டிஜிட்டல் இடைவெளி பற்றிப் பேசுகிறது. ஆனால் அந்தப் பெண்கள் 15 முதல் 49 வயதுவரை உள்ளவர்கள். ஐம்பது வயதான ஒரு பெண்ணிடம்கூட அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. அடுத்த சுற்றில் அவர்களிடமும் கேளுங்கள்.